காரில் சூடு வரவில்லையா? முதலில் கூலன்டைப் பாருங்கள்

ஜனவரி மாதம், விடியற்காலை ஐந்து மணி. அம்மாவுக்கு நுவரெலியாவில் கிளினிக். தலவாக்கலையிலிருந்து என்னுடைய பழைய காரில் புறப்பட்டோம். லிந்துலை தாண்டும்வரை ஹீட்டர் நன்றாகவே இருந்தது. அம்மா சால்வையைக்கூட இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். நானுஓயாவைத் தாண்டி ஏறும்போது காற்று மெல்ல மெல்லக் குளிர ஆரம்பித்தது. "என்ன புள்ள, ஏசியப் போட்டுட்டியா?" என்று கேட்டார். நான் எதையும் தொடவில்லை. ஹீட்டர் திருகி சிவப்புப் பக்கத்தில்தான் இருந்தது, ஃபேனும் ஓடியது. வந்ததெல்லாம் குளிர்காற்று.

ஹீட்டர் கெட்டுவிட்டது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போனேன். அது தவறு. டவுனுக்குள் நுழையும்போது சூட்டு முள் பாதியைத் தாண்டி மேலே போயிருந்தது. பதறிப்போய் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த பாஸ் (மெக்கானிக்) ஒருவர் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், தண்ணி பாத்தீங்களா?" எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்து ஊற்றினார். ஒன்றரை லீற்றருக்கு மேல் உள்ளே போனது. கீழ் ஹோஸைப் பிடித்திருந்த கிளிப் தளர்ந்து, சொட்டுச் சொட்டாகப் பல நாட்களாக ஒழுகியிருக்கிறது.

அன்று என் ஹீட்டர் கெடவில்லை. தண்ணீர் குறைந்துவிட்டது என்பதை முள் ஏறுவதற்கு முன்பே சொன்னது அந்தக் குளிர்காற்றுதான். அதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும். நம் பக்கத்தில் கார் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஹீட்டர் என்று தனியாக ஓர் அடுப்பு இல்லை

பெட்ரோல் அல்லது டீசல் காரில் நம்மைச் சூடாக்குவதற்கென்று எதுவும் எரிவதில்லை. அடுப்பில் சோறு வேகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டிக் குளிர் காய்வோமே, அதேதான் இது. அடுப்பு எரிவது சோற்றுக்காக. சூடு நமக்கும் கிடைக்கிறது.

எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் காரை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலென்சர் வழியாக வெளியே போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி எஞ்சினின் உலோகத்தைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை வெளியே எடுத்துப் போகாவிட்டால் எஞ்சின் சில நிமிடங்களிலேயே கெட்டுவிடும். எடுத்துப் போவதற்காகத்தான் கூலன்ட் இருக்கிறது. தண்ணீரோடு கிளைகோல் என்ற திரவமும் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் கலந்தது அது. வாட்டர் பம்ப் அதை எஞ்சினுக்குள் சுற்றவிடுகிறது. சூடான கூலன்ட் முன்பக்கத்திலுள்ள ரேடியேட்டருக்குப் போய், காற்றுப் பட்டு ஆறி, மறுபடி எஞ்சினுக்கே வருகிறது.

இந்தச் சுற்றிலிருந்து ஒரு சின்னக் கிளை பிரிகிறது. விரல் தடிப்பில் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் எஞ்சின் அறையிலிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் போகும். ஒன்றில் சூடான கூலன்ட் போகும், மற்றதில் திரும்பி வரும். அவை போய்ச் சேரும் இடத்தில் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. பிள்ளைகளின் தடித்த சீஆர் கொப்பி அளவுதான் இருக்கும். ஹீட்டர் கோர் என்பது அதுதான். நாம் திருகியைச் சிவப்புப் பக்கம் திருப்பும்போது உள்ளே ஒரு சிறு கதவு நகர்ந்து, ஃபேன் காற்றை அந்தக் குட்டி ரேடியேட்டர் வழியாக அனுப்புகிறது. நீலப் பக்கம் திருப்பினால் கதவு மூடி, காற்று அதைத் தொடாமல் வருகிறது.

ஆகவே சூடான காற்று வர வேண்டுமானால் எஞ்சின் சூடாக வேண்டும், கூலன்ட் நிறைய இருக்க வேண்டும், அது குட்டி ரேடியேட்டருக்குள் ஓட வேண்டும், காற்று அதன் மேல் பட வேண்டும். ஃபேன் ஓடியும் சூடு வரவில்லை என்றால் இந்த நான்கில் ஒன்று நடக்கவில்லை என்றுதான் பொருள். ஃபேனே ஓடவில்லை என்றால் அது வேறு கதை. பியூஸையோ ஃபேன் மோட்டாரையோ பார்க்க வேண்டும், கூலன்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தேடத் தொடங்குமுன் உங்கள் காரில் ஹீட்டர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெப்ப நாடுகளுக்கென்று செய்த சில வண்டிகளில் ஏசி மட்டும்தான் இருக்கும், ஹீட்டர் கோரே வைத்திருக்க மாட்டார்கள். திருகியில் நீல நிறம் மட்டும் இருந்து சிவப்பே இல்லாவிட்டால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார்களில் ஹீட்டர் கட்டாயம் இருக்கும், அங்கே பனிக்காலம் கடுமையானது.

முதல் வேலை: ஆறிய எஞ்சினில் கூலன்ட் மட்டம்

சூடு வராத கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது கூலன்ட் குறைவைத்தான். காரணம் எளிது. பெரும்பாலான கார்களில் ஹீட்டர் கோர் எஞ்சினை ஒட்டிய உயரத்தில், சுற்றின் மேல்பாகத்தில் இருக்கிறது. தண்ணீர் குறையும்போது மேலே இருப்பதுதானே முதலில் காயும்? எஞ்சினுக்குப் போதிய கூலன்ட் இன்னும் இருக்கும்போதே ஹீட்டருக்கு வருவது நின்றுவிடும். எனக்கு நானுஓயா ஏற்றத்தில் நடந்தது அதுதான்.

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பொனட்டைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டர் பக்கத்தில் வெள்ளையான பிளாஸ்டிக் போத்தல் ஒன்று இருக்கும். அதில் இரண்டு கோடுகள் போட்டிருக்கும். மட்டம் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. போத்தல் நிறைந்திருக்கும், ஆனால் ரேடியேட்டர் உள்ளே காலியாக இருக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்துபோனாலோ, போத்தலுக்குப் போகும் சின்னக் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ, எஞ்சின் ஆறும்போது போத்தலிலிருந்து கூலன்ட் திரும்பி உள்ளே இழுபடாது. அதனால் ரேடியேட்டர் மூடி உள்ள கார்களில் அந்த மூடியையும் திறந்து, கூலன்ட் வாய்வரை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதை எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தம் இருக்கும். மூடியை லேசாகத் திருகினாலே கொதிக்கும் கூலன்டும் ஆவியும் முகத்துக்கும் கைக்கும் பாயும். துணியைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஹோஸைத் தொட்டால் கை சுடாத அளவு ஆறியிருக்க வேண்டும்.

மலைநாட்டுக்காரர்கள் இந்த மூடியைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். கொழும்பில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஓடும் எஞ்சினில் கூலன்டின் சாதாரணச் சூடே 85 முதல் 95 பாகை வரை இருக்கும். அப்படியானால் இங்கே எல்லாக் கார்களும் கொதிக்க வேண்டுமே? கொதிக்காமல் காப்பது அந்த மூடிதான். 0.9 அல்லது 1.1 என்று அதன் மேல் அச்சிட்டிருப்பது அது தாங்கும் அழுத்தத்தின் அளவு. 0.9 மூடி சரியாக இறுக்கிப் பிடித்தால், நுவரெலியாவிலும் வெறும் தண்ணீர்கூட 115 பாகை அளவில்தான் கொதிக்கும். கிளைகோல் கலந்தால் இன்னும் சில பாகை மேலே போகும். மூடி பழுதானால் அந்தக் காப்பு முழுதும் போய்விடும். கூலன்ட் ஆவியாகிப் போத்தல் வழியாக வெளியேறும், மட்டம் குறையும், ஹீட்டர் குளிரும். விலை குறைந்த ஒரு சின்ன உதிரிப்பாகம் அது. கொழும்பில் பல வருடம் ஓடிய காரை வாங்கி மலைக்குக் கொண்டுவருபவர்கள் முதலில் மாற்ற வேண்டியது அந்த மூடியைத்தான் என்பது என் எண்ணம்.

கூலன்ட் குறைந்திருந்தால் நிரப்புவதோடு விட்டுவிடாதீர்கள். மூடிய சுற்றில் ஓடும் திரவம் தானாகக் குறையாது, எங்கோ போகிறது. ஹோஸ் கிளிப், ரேடியேட்டரின் ஓரம், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் காய்ந்த வெள்ளை அல்லது இளஞ்சிவப்புக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். பின்பக்க ஹீட்டரும் உள்ள பழைய வேன்களில், வண்டிக்கு அடியில் பின்னால் ஓடும் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து ஒழுகும். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேன்காரர்கள் இதைக் கட்டாயம் குனிந்து பார்க்க வேண்டும். காருக்குள்ளே இனிப்பான ஒரு மணம் வந்து, கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பசை போலப் படிந்து, முன் இருக்கையின் காலடி விரிப்பு ஈரமாக இருந்தால் ஒழுகுவது ஹீட்டர் கோர். ஏசி தண்ணீரும் சில சமயம் காலடியில் வரும். அதற்கு மணமோ பசையோ இருக்காது.

எங்கேயும் ஒழுகல் தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, சைலென்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது, எஞ்சின் எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடு) போயிருக்கலாம். எரியும் வாயு கூலன்டுக்குள் புகுந்து ஹீட்டர் கோரில் காற்றாகத் தங்கும். இது வீட்டில் பார்க்கும் வேலை இல்லை. அந்த நிலையில் ராம்பொடைப் பக்கமோ கினிகத்தேனைப் பக்கமோ ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். மலைக்குளிரில் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது மட்டும் சாதாரணம். எஞ்சின் சூடானதும் அது நின்றுவிட வேண்டும்.

முள்ளை மட்டும் நம்பாதீர்கள்

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சூட்டு முள்ளுக்குச் செய்தி அனுப்பும் சென்சர் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவைக் காட்டும். கூலன்ட் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அதைச் சுற்றி இருப்பது வெறும் காற்றும் ஆவியும்தான். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும், முள்ளோ அமைதியாக நிற்கும். அந்த நேரத்தில் சரியான செய்தி சொல்வது குளிர்ந்துபோன ஹீட்டர்தான். ஏற்றத்தில், நன்றாக வந்துகொண்டிருந்த சூடு திடீரென்று நின்றால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அலுமினிய ஹெட் வளைந்த பிறகு ஆகும் செலவை நினைத்தால், அரை மணி நேரத் தாமதம் ஒன்றுமே இல்லை.

காற்றுப் பூட்டு

கூலன்ட் நிறைந்திருக்கிறது, ஆனாலும் சூடு இல்லை. அண்மையில்தான் கூலன்ட் மாற்றினார்கள் அல்லது ரேடியேட்டர் வேலை செய்தார்கள். அப்படியானால் உள்ளே காற்று சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை எடுக்கும்போது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடைத் தண்ணீர் போலக் கொளகொளவென்று சத்தம் கேட்கும். ஓடும்போது சூடு வந்து, நிற்கும்போது குளிரும். உயரமான இடத்தில் தங்கிய காற்றைப் பம்பால் தள்ள முடியாமல் கூலன்ட் அங்கேயே நின்றுவிடுகிறது.

காற்றை வெளியேற்ற நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது: சரிவு. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி மெதுவான சரிவில் நிறுத்துங்கள். ரேடியேட்டர் வாய் எல்லாவற்றிலும் உயரமாக வர வேண்டும், காற்று அங்கேதான் தேடி வரும். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, பின்சக்கரங்களுக்குப் பின்னால் நல்ல கல்லாக வையுங்கள். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து கூலன்டை வாய்வரை ஊற்றி, ஹீட்டர் திருகியை முழுச் சிவப்பில் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழி வந்து மட்டம் இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். குமிழி நின்று உள்ளே சூடு வந்ததும் மூடியைப் போட்டுவிடலாம். மட்டம் பொங்கி மேலே வர ஆரம்பித்தால் காத்திருக்காமல் எஞ்சினை நிறுத்தி ஒதுங்கி நில்லுங்கள். சில எஞ்சின்களில் காற்று போக்குவதற்கென்றே ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அப்படிப்பட்ட வண்டிகளைத் தெரிந்த பாஸிடம் விடுவது நல்லது.

எதை ஊற்றுவது? வண்டியின் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்டை. நிறத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் விற்கிறார்கள். அவசரத்துக்கு வழியில் தண்ணீர் ஊற்றலாம், தவறில்லை. ஆனால் வருடக்கணக்கில் பீலித் தண்ணீரை (மலையூற்றுத் தண்ணீரை) ஊற்றியே ஓட்டுவது வேறு விஷயம். அதற்கு இன்னும் கொஞ்சத்தில் வருகிறேன்.

இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள்

எந்தக் கருவியும் வேண்டாத சோதனை இது. பதினைந்து நிமிடம் நன்றாக ஓட்டிவிட்டு, ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்தபடி நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, சாவியையும் எடுத்துவிடுங்கள். சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தானாகவே சுழலத் தொடங்கும், அந்தப் பக்கம் கை போகக்கூடாது. பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் உள் சுவருக்குள் நுழையும் அந்த இரண்டு சின்ன ஹோஸ்களையும் தடித்த துணியின் மேலாக லேசாகத் தொட்டுப் பாருங்கள்.

இரண்டுமே நல்ல சூடாக இருந்தால் கூலன்ட் ஒழுங்காகப் போய் வருகிறது. குறை காற்றுப் பக்கத்தில். ஒன்று சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால் கூலன்ட் போகிறது, திரும்பவில்லை: கோர் அடைத்திருக்கிறது, அல்லது அந்த வழியில் உள்ள வால்வு மூடியிருக்கிறது, அல்லது காற்றுப் பூட்டு. இரண்டுமே வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் எஞ்சினே சரியாகச் சூடாகவில்லை. எஞ்சின் கொதிக்க, இவை இரண்டும் குளிர்ந்திருந்தால் கூலன்ட் குறைவு அல்லது தேய்ந்த வாட்டர் பம்ப்.

கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்

எஞ்சினே சூடாகவில்லை என்ற வகைதான் நம் நாட்டில் நான் அதிகம் வருந்தும் விஷயம்.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தெர்மோஸ்டாட் வால்வு என்ற சின்னக் கதவு இருக்கிறது. அதன் நடுவிலுள்ள குப்பிக்குள் ஒரு வகை மெழுகு அடைத்திருப்பார்கள். கூலன்ட் சூடாகும்போது மெழுகு உருகிப் பருத்து, ஸ்பிரிங்கைத் தள்ளிக் கதவைத் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மறுபடி மூடிவிடும். பல ஜப்பானியக் கார்களில் 82 பாகையில் அல்லது 88 பாகையில் திறக்கத் தொடங்கும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் மட்டும் சுற்றுவதால்தான் குளிர்காலையிலும் சில நிமிடங்களில் நமக்குச் சூடு கிடைக்கிறது.

வெயில் பிரதேசங்களில் கார் ஒருமுறை சூடேறினால், சில கராஜ்களில் இந்த வால்வைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். "இது வெளிநாட்டுக் குளிருக்கு, நமக்குத் தேவையில்லை" என்பார்கள். கீழே அதன் விளைவு உடனே தெரியாது. அதே கார் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ வந்தால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே ஓடிக் குளிர்ந்துகொண்டிருக்கும். எஞ்சின் தன் சூட்டை எட்டவே எட்டாது. ஹீட்டரில் வருவது மூச்சுக்காற்று அளவு வெதுவெதுப்புத்தான். குளிர்ந்த எஞ்சின் எரிபொருளையும் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் வால்வு இல்லாவிட்டால் கூலன்ட் குறுக்கு வழியில் சுற்றிவிட்டு ரேடியேட்டருக்குக் குறைவாகவே போகும். ஏற்றத்தில் முன்பைவிட மோசமாகச் சூடேறும். சூட்டுக்குப் பயந்து செய்தது சூட்டையே கொண்டுவரும்.

என் காரையும் முன்பு வைத்திருந்தவர்கள் அப்படித்தான் செய்திருந்தார்கள் என்பது வாங்கிய முதல் வருடக் குளிரில்தான் தெரிந்தது. புது வால்வு போட்ட அன்றே ஹீட்டர் வேறு காரின் ஹீட்டர் போல மாறிவிட்டது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். முள் உள்ள கார் என்றால், நுவரெலியாவிலிருந்து ராம்பொடைப் பக்கம் இறங்கும்போது பாருங்கள். இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலை குறைவு, சூடும் குறைவாகவே உண்டாகும். நல்ல வால்வு மூடிக்கொண்டு இருக்கிற சூட்டைக் காப்பாற்றும். திறந்தே சிக்கிய வால்வு என்றால் முள் கீழே விழுந்துகொண்டே போகும். இப்போதைய பல சின்னக் கார்களில் முள் இல்லை. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு எரிந்து, சூடானதும் அணையும். ஒருமுறை அணைந்த நீல விளக்கு இறக்கத்தில் மறுபடி எரிந்தால் வால்வைச் சந்தேகப்படுங்கள். இன்னொரு வழி: குளிர்ந்த காரை எடுத்து நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டு, எஞ்சினை அணைத்து ரேடியேட்டரின் அடிப்பக்கத்தைத் தொடுவது. முதல் சில நிமிடங்களில் அது குளிர்ந்தே இருக்க வேண்டும். எஞ்சினோடு சேர்ந்து அதுவும் ஆரம்பத்திலிருந்தே வெதுவெதுப்பானால் கதவு திறந்தே இருக்கிறது.

கழற்றிய வால்வை வெந்நீரில் போட்டுச் சோதிப்பார்கள். அதில் நம் உயரத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. 82 பாகையில் திறக்கத் தொடங்கும் வால்வு முழுதாகத் திறக்க 95 பாகை அளவு வேண்டும். நுவரெலியாவில் சட்டித் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. அதனால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று நல்ல வால்வைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். கொதிநீரில் திறக்கத் தொடங்குகிறதா, வெளியே எடுத்ததும் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். சூடு வராத நமக்கு முக்கியம் இரண்டாவதுதான்.

பீலித் தண்ணீரும் அடைத்த கோரும்

கூலன்டில் உள்ள மருந்து துருவைத் தடுக்கிறது. வெறும் தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை. வருடக்கணக்கில் பீலித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஊற்றிய எஞ்சினுக்குள் செங்காவி நிறத்தில் துரு உண்டாகும். பெரிய ரேடியேட்டர் அதைக் கொஞ்ச காலம் தாங்கும். ஹீட்டர் கோரின் குழாய்கள் மிக ஒடுங்கியவை. சேறு முதலில் படிவது அங்கேதான். கொழும்புப் பக்கம் வருடம் முழுதும் ஹீட்டரையே தொடாத கார்களில் இது அதிகம்.

அடைத்த கோரைச் சுத்தம் செய்ய, இரண்டு ஹோஸையும் கழற்றி, வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராக மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் விட வேண்டும். கம்பிரசர் காற்றை அடிக்க விடாதீர்கள். பழைய அலுமினியக் கோர் டேஷ்போர்டுக்குள்ளேயே வெடித்தால், முழு டேஷ்போர்டையும் கழற்ற வேண்டிவரும். அந்த வேலைக்குப் பயந்துதான் கோர் ஒழுகும் கார்களில் சிலர் ஒரு துண்டு ஹோஸை வளைத்து இரண்டு வாயையும் இணைத்துவிடுகிறார்கள். ஒழுகல் நிற்கும், ஹீட்டரும் அதோடு நின்றுவிடும். பழைய கார் வாங்கும்போது பொனட்டுக்குள் இப்படி ஒரு வளைந்த ஹோஸ் தெரிகிறதா என்று ஒரு கண் பாருங்கள்.

காற்றுப் பக்கம்

இரண்டு ஹோஸும் சூடாக இருந்தும் உள்ளே குளிர்காற்று என்றால், திருகிக்கும் அந்தச் சிறு கதவுக்கும் இடையே தொடர்பு அறுந்திருக்கிறது. பழைய கார்களில் அது ஒரு கேபிள், கொக்கியிலிருந்து கழன்றிருக்கும். புதியவற்றில் சின்ன மோட்டார். பழுதானால் திருகும்போது டக் டக் என்று சத்தம் வரும். காற்றின் வேகமே குறைவு என்றால் டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டர் தூசியால் அடைத்திருக்கும்.

ஹைபிரிட் காரில் எஞ்சின் அடிக்கடி நின்றுவிடுவதால் சூடு வரத் தாமதமாகலாம். ஹீட்டர் போட்டால் நிறுத்தத்திலும் எஞ்சின் ஓடும். அது கூலன்டைச் சூடாக வைக்கத்தான், பழுதில்லை. முழு மின்சாரக் காரில் இந்தக் கட்டுரையில் சொன்ன எஞ்சின் சூடே கிடையாது. பற்றரியிலிருந்துதான் சூடு வருகிறது, ஹீட்டர் போட்டால் ஓடும் தூரம் குறையும்.

பனிமூட்டத்தில் கண்ணாடி

நம் ரோட்டில் ஹீட்டர் வேலை செய்யாதது சொகுசுக் குறை மட்டும் இல்லை. மழையும் மூட்டமும் உள்ள நாளில் நாலு பேர் மூச்சு விட்டால் முன்கண்ணாடி முழுதும் ஆவி படியும். துணியால் துடைத்துக்கொண்டே வளைவில் திரும்புகிற ஓட்டுநர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்தே போடுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கும், கண்ணாடி சீக்கிரம் தெளியும். உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்து வெளிக்காற்றை எடுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளி வாசல் திறக்கும்வரை காத்திருப்பவர்களும், ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வந்து வண்டியிலேயே படுப்பவர்களும் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரோடு தூங்க வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. சைலென்சரில் ஓர் ஓட்டை இருந்தால் மூடிய வண்டிக்குள் அது ஆளைக் கொன்றுவிடும். கம்பளி எடுத்து வாருங்கள்.

கடைசியாக, ஏற்றத்தில் உதவும் ஒன்று

ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர் என்றேன். அது இன்னொரு விதத்திலும் கைகொடுக்கும். கடுகண்ணாவையிலோ ராம்பொடையிலோ ஏறும்போது முள் மெல்ல மேலே போகிறது, ஓரம் கட்ட உடனே இடமில்லை என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சிவப்பிலும் ஃபேனை முழு வேகத்திலும் வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி உங்கள் பக்கம் வரும். வேர்த்துக் கொட்டும், ஆனால் இடம் கிடைக்கும் வரைக்கும் எஞ்சினுக்குக் கொஞ்சம் நிம்மதி. அப்போது வரும் காற்று சூடாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். சூடாக இருந்தால் கூலன்ட் இன்னும் ஓடுகிறது, இடம் கிடைக்கும்வரை மெதுவாகப் போகலாம். குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே தண்ணீர் இல்லை. அடுத்த வளைவுவரைகூடப் போக வேண்டாம். அபாய விளக்கைப் போட்டு, அங்கேயே ஓரத்தில் நிறுத்துங்கள். பொனட்டைத் திறந்து வைத்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, ஹோஸ் ஆறிய பிறகு மூடியில் கை வையுங்கள்.